சேகரிப்புப் பொம்மைகளுக்கு ஒளியூட்டிய பேழை: குறைந்த செலவில் நாமே செய்யும் முறை

பொம்மைகளுக்குக் காட்சிப் பேழை செய்ய விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் பெட்டியைச் செய்து முடித்துவிடுகிறார்கள். விளக்குப் பட்டையை எங்கே ஒட்டுவது என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுகிறது. என் முதல் பேழையும் அப்படித்தான் உருவானது. செய்து முடித்த பெட்டியில் விளக்கை மறைத்து வைக்கப் பின்சுவரைத் தவிர வேறு இடமில்லாததால் பட்டையை அங்கேயே ஒட்டினேன். இரவில் விளக்கைப் போட்டபோது, பல மாதங்கள் தேடிச் சேர்த்த உருவங்கள் எல்லாம் முகம் தெரியாத கறுப்பு நிழல்களாக நின்றன. பின்னாலிருந்து வரும் ஒளி உருவத்தின் விளிம்பை மட்டுமே காட்டும். முகத்தின் நுட்பமும் வண்ணப்பூச்சும் தெரிய வேண்டுமானால் ஒளி முன்னாலிருந்துதான் விழ வேண்டும்.

ஆகவே இங்கே விவரிக்கும் பேழையில், விளக்கின் இடத்தை முதலில் முடிவு செய்து, பலகைகளின் அளவுகளை அதற்கேற்ப அமைத்திருக்கிறேன். செலவைப் பொறுத்தவரை என் முடிவு இதுதான்: மரத்திலும் கதவிலும் வேண்டிய அளவு சிக்கனம் காட்டலாம், விளக்கின் தரத்திலும் காற்றோட்டத்திலும் காட்டக்கூடாது. பெட்டி சற்றுக் கரடுமுரடாக அமைந்தால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. விளக்கு மோசமாக இருந்தால் உள்ளே இருக்கும் எதுவும் நன்றாகத் தெரியாது. காற்று தேங்கினால் சில ஆண்டுகளில் பொம்மைகளே கெட்டுவிடும்.

அளவைத் தீர்மானித்தல்

1:12 அளவு, அதாவது உண்மை உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான உருவங்கள் ஏறத்தாழ 15 செ.மீ. உயரமும், 1:6 அளவு உருவங்கள் ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும், 1:18 அளவு உருவங்கள் ஏறத்தாழ 10 செ.மீ. உயரமும் கொண்டவை. ஆனால் பேழைக்கு வேண்டியது உருவத்தின் உயரம் மட்டுமன்று. தூக்கிய வாள், விரித்த சிறகு, பறப்பதுபோல் நிறுத்தும் தாங்கி ஆகியவற்றையும் சேர்த்து, நீங்கள் நிறுத்த விரும்பும் நிலையிலேயே வைத்து அளக்க வேண்டும். பின்வரிசையைப் படிமேடையில் உயர்த்தி வைப்பதானால் அந்தப் படியின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே 15 செ.மீ. உருவங்களுக்கான மூன்றடுக்குப் பேழையை எடுத்துக்கொள்வோம். வெளி அளவு 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், 25 செ.மீ. ஆழம். பலகை 12 மி.மீ. பிளைவுட். பக்கப் பலகைகள் இரண்டும் 90 × 25 செ.மீ.; மேற்பலகையும் அடிப்பலகையும் 57.6 × 25 செ.மீ.; நடுத்தட்டுகள் இரண்டும் 57.6 × 22 செ.மீ.; பின்பலகை 3 மி.மீ. கனத்தில் 60 × 90 செ.மீ. இவற்றுள் 12 மி.மீ. பலகை மொத்தம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான் வரும். 244 × 122 செ.மீ. முழுப் பலகையில் அது மூன்றில் ஒரு பங்கு என்பதால், கடையில் மிஞ்சிய துண்டுகளிலிருந்தே பல நேரங்களில் இதை வெட்டி வாங்கிவிட முடியும்.

நடுத்தட்டுகள் மற்றப் பலகைகளைவிட 3 செ.மீ. குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். இந்தப் பேழையின் அமைப்பு முழுவதும் அந்த 3 செ.மீ. இடைவெளியை நம்பியே இருக்கிறது. தட்டுகளைப் பின்சுவரோடு ஒட்டிப் பொருத்தும்போது, முன்புறம் மேலிருந்து கீழ்வரை தடையில்லாத ஒரு வழி கிடைக்கிறது. அதில் இரண்டு பக்கமும் செங்குத்தாக விளக்குப் பட்டைகள் ஓடும். அவற்றுக்கு முன்னால், கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கான அக்ரிலிக் முகப்பு நிற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக விளக்கு வைத்துத் தட்டைத் துளைத்துக் கம்பி இழுக்கும் வேலை இதனால் இல்லாமல் போகிறது. மரத்தட்டு மேல் தட்டின் ஒளியைத் தடுத்துவிடும் என்ற சிக்கலும் தீர்கிறது. கண்ணாடித் தட்டு வைத்தால் ஒளி ஊடுருவும் என்பது உண்மைதான்; ஆனால் மேல் தட்டில் நிற்கும் உருவங்களின் காலடி நிழல்கள் கீழே இருப்பவற்றின் முகத்தில் விழும்.

உள் உயரம் 87.6 செ.மீ.; இரண்டு தட்டுகளின் கனம் 2.4 செ.மீ. போக மீதியை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு அடுக்கும் 28.4 செ.மீ. உயரம் பெறும். 15 செ.மீ. உருவத்தை 8 செ.மீ. படியில் நிறுத்தினாலும் தலைக்கு மேல் 5 செ.மீ.க்குக் குறையாமல் இடம் இருக்கும்.

அகலத்தை 60 செ.மீ.க்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது என் பரிந்துரை. பக்கங்களிலிருந்து வரும் ஒளி நடுவில் நிற்கும் உருவத்தைப் போதிய அளவு எட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். தட்டு வளைவது மற்றொரு காரணம். ஒரே எடையைத் தாங்கும் தட்டின் நீளத்தை இரு மடங்காக்கினால் அதன் வளைவு எட்டு மடங்காகும். பலகையின் தடிமனை இரு மடங்காக்கினால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். பொம்மைகள் பெரும்பாலும் எடை குறைந்தவை என்பதால் 60 செ.மீ.க்கு 12 மி.மீ. பலகை போதும். வார்ப்பு உலோகக் கார்களை நிறைத்து வைப்பவர்கள் 18 மி.மீ. பலகைக்குப் போவது நல்லது. பெரிய சேகரிப்பு வைத்திருப்பவர்கள் அகலமான ஒன்றைச் செய்வதைவிட இதே அளவில் இரண்டு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

பெட்டி

நேராக வெட்டிய பலகை கையில் இருந்தால் பெட்டி சேர்ப்பது அரை நாள் வேலைதான். ஆகவே பலகை வெட்டும் இயந்திரம் வைத்திருக்கும் கடையிலேயே எல்லாத் துண்டுகளையும் அளவுக்கு வெட்டி வாங்கிவிடுங்கள். கைரம்பத்தில் 90 செ.மீ. நேராக அறுப்பது பழகிய கைக்கே கடினம். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்தபின், தட்டுகள் வரும் இடங்களைப் பக்கப் பலகைகள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஒரே கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் குறித்தால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

மரப்பசை தடவி, திருகுகளுக்கு முன்கூட்டியே சிறு துளையிட்டு, பக்கப் பலகைகளை மேல், அடிப் பலகைகளோடு முடுக்குங்கள். முன்துளை இல்லாமல் 12 மி.மீ. பிளைவுட்டின் விளிம்பில் திருகைச் செலுத்தினால் அடுக்குகள் பிளந்துகொள்ளும். பசை காயும் முன் எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக, ஏறத்தாழ 108.2 செ.மீ. இருந்தால் சட்டம் சதுரமாக நிற்கிறது. வேறுபட்டால் நீளமான மூலைவிட்டத்தின் திசையில் மெல்ல அழுத்திச் சரிசெய்து, உடனே பின்பலகையை வைத்து ஆணியடித்துவிடுங்கள். பெட்டி கோணாமல் காப்பது அந்த மெல்லிய பின்பலகைதான். அதை வெறும் மூடியாக நினைத்து ஓரங்களில் நான்கே ஆணிகளோடு விட்டுவிடக் கூடாது. 10 செ.மீ.க்கு ஒன்றாக அடிக்க வேண்டும்.

பழைய புத்தக அலமாரி ஒன்று கையில் இருந்தால் இந்த வேலை முழுவதையும் தவிர்க்கலாம். அதன் தட்டுகளை முன்புறம் 3 செ.மீ. குறைத்து அறுத்துவிட்டால், இனிச் சொல்லப்போவது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

விளக்கு

கடையில் கிடைக்கும் எல்.இ.டி. பட்டைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுள் நல்லதைப் பிரித்தறிய நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும்: மின்னழுத்தம், மீட்டருக்கு எத்தனை விளக்குகள், ஒளியின் நிறவெப்பம், நிறங்காட்டும் திறன்.

மின்னழுத்தம் 12 வோல்ட் நேர்மின்சாரமாக இருக்கட்டும். ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. 12 வோல்ட் பட்டையில் மூன்று விளக்குகளை வரிசையாக இணைத்து, எஞ்சிய மின்னழுத்தத்தை ஒரு மின்தடை ஏற்கும்படி அமைத்திருப்பார்கள். அதனால்தான் பட்டையை மூன்று விளக்குகளுக்கு ஒரு முறை, கத்தரிக்கோல் குறியுள்ள இடத்தில் மட்டுமே வெட்ட முடியும். குறி தவறி வெட்டினால் அந்த மூன்று விளக்குகளும் எரியாது.

மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட பட்டை விலை குறைவு. ஆனால் இரண்டு விளக்குகளுக்கு இடையில் ஏறத்தாழ 17 மி.மீ. இடைவெளி இருப்பதால், மேலே ஒளிபரப்பும் மூடி போட்டாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். மூடிக்கும் விளக்குக்கும் உள்ள தூரம், விளக்குகளுக்கு இடையிலான தூரத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் புள்ளிகள் கரைந்து ஒரே கோடாகும். மீட்டருக்கு 120 விளக்குகள் உள்ள பட்டையில் இந்த இடைவெளி ஏறத்தாழ 8 மி.மீ. மட்டுமே, பட்டையை உள்ளே ஒட்டும் சாதாரண அலுமினிய சேனலின் ஆழமே அதற்கு ஏறக்குறையப் போதும். பளபளப்பான கறுப்புக் கவசமோ பளிச்சிடும் காரோ வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அந்தப் பரப்புகள் கண்ணாடிபோல் ஒவ்வொரு புள்ளியையும் திருப்பிக் காட்டும்.

நிறவெப்பத்தைக் கெல்வினில் குறிப்பிடுவார்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான ஒளி மஞ்சளாக இருக்கும். அதில் வெள்ளைச் சீருடை பழுப்பேறியதுபோலத் தோன்றும், நீலம் மங்கும். 6500 கெல்வின் ஒளியில் உருவங்களின் முகம் வெளிறிப்போகும். 4000 கெல்வின் அளவிலான நடுநிலை வெள்ளையே பல நிறங்கள் கலந்த சேகரிப்புக்கு ஏற்றது என்பது என் அனுபவம். எதைத் தேர்ந்தாலும் முழுப் பேழைக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டிப் பயன்படுத்துங்கள். வெவ்வேறு சுருள்களின் வெள்ளை நிறம் சற்று மாறுபடக்கூடும். ஒரே பேழையின் இரு பக்கங்களில் அந்த வேறுபாடு உடனே கண்ணில் படும்.

நிறங்காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருப்பார்கள், அதன் உச்ச அளவு 100. விலை மலிந்த பட்டைகள் 80 அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். 90க்கு மேற்பட்டதை வாங்குங்கள். குறைந்த திறனுள்ள ஒளியில் முதலில் அடிபடுவது சிவப்பும் தோல் நிறமும்தான். பொம்மை செய்தவர் முகத்தில் தீட்டிய மெல்லிய செம்மை காணாமல் போய், முகம் வெறும் பிளாஸ்டிக்காகத் தெரியும். கடையில் பட்டையை எரியவிட்டு அதன் கீழ் உங்கள் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கை உயிரோட்டமாகத் தெரிந்தால் பொம்மையும் அப்படியே தெரியும். இந்தத் தரத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம்தான் இந்த வேலை முழுவதிலும் மிக நன்றாகச் செலவாகும் பணம் என்று நான் கருதுகிறேன்.

பட்டையை நேரடியாக மரத்தில் ஒட்டாமல், 45 பாகை கோணத்தில் அமைந்த மூலை அலுமினிய சேனலுக்குள் ஒட்டிப் பொருத்துங்கள். அலுமினியம் விளக்கின் சூட்டைப் பரப்பி அதன் ஆயுளைக் கூட்டுகிறது. கோணம் ஒளியை உட்புறமாகவும் பின்புறமாகவும் திருப்புகிறது. மேலே வரும் பால்நிற மூடி ஒளியைப் பரப்புகிறது. இரண்டு சேனல்கள் பக்கப் பலகைகளின் உட்புறம், நடுத்தட்டுகளின் முன்விளிம்புக்குச் சற்று முன்னால் செங்குத்தாக நிற்கும். மூன்றாவது, மேற்பலகையின் அடியில் முன்னோரமாகக் கிடக்கும். மேலிருந்து வரும் ஒளி இயற்கையாகத் தோன்றும். ஆனால் அது மட்டும் இருந்தால் தொப்பியும் முன்முடியும் கண்கள்மீது நிழலைப் போடும். பக்க ஒளி அந்த நிழலை நிரப்புகிறது.

திருகி இறுக்குவதற்கு முன் ஓர் அடுக்கில் நான்கைந்து உருவங்களை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, சேனல்களைக் கையால் பிடித்துக் கோணத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் வீணாகாது. ஒரு விரல்கடை நகர்த்தினாலே முகங்கள் எப்படி மாறுகின்றன என்பதைக் கண்ணால் காண்பதே இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மின்னிணைப்பு

120 விளக்குப் பட்டையில் மூன்று விளக்குகளுக்கு 2.5 செ.மீ. என்பதால் பக்கங்களுக்கு 85 செ.மீ. வீதம் இரண்டும், மேலே 55 செ.மீ. ஒன்றும் வெட்டலாம், மொத்தம் 2.25 மீட்டர். பட்டை மீட்டருக்கு 9.6 வாட் எடுத்துக்கொள்வதாக இருந்தால் மொத்தம் 21.6 வாட், அதை 12ஆல் வகுத்தால் 1.8 ஆம்பியர். அடாப்டரை அதன் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற கணக்கில் 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் பொருத்தமானது. உங்கள் சுருளின்மீது அச்சிட்டிருக்கும் வாட் அளவு வேறாக இருந்தால் இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடாப்டர் பேழைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். சுவர்மின்சாரம் எந்த வடிவிலும் மரப்பெட்டிக்குள் நுழையக் கூடாது. உள்ளே போவது 12 வோல்ட் கம்பி மட்டுமே. அடாப்டரிலிருந்து வரும் கம்பி முதலில் ஒளியளவைக் குறைத்துக் கூட்டும் டிம்மருக்கும், அங்கிருந்து மூன்று கிளைகளாகப் பிரிந்து மூன்று பட்டைகளுக்கும் செல்லட்டும். மூன்றையும் ஒன்றன் வாலில் ஒன்றாகத் தொடுப்பதைவிட இப்படிக் கிளைபிரிப்பது சிறந்தது. ஓர் இணைப்பு விட்டாலும் மற்ற இரண்டும் எரியும், கோளாறு எங்கே என்பதும் உடனே தெரியும். 0.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி இந்த மின்னோட்டத்துக்குத் தாராளமாகப் போதும். டிம்மர் 12 வோல்ட் பக்கத்தில்தான் வர வேண்டும். சாதாரண அடாப்டருக்கு முன்னால், சுவர்மின்சாரத்தின் பக்கத்தில் டிம்மர் வைத்தால் அடாப்டர் பழுதாகும்.

பட்டையோடு கம்பியைச் சேர்க்க ஈயப்பற்று வைப்பதே நிலைத்து நிற்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் கவ்விப் பிடிக்கும் இணைப்பிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் பட்டையின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்துவதை வாங்க வேண்டும், தளர்வான இணைப்பு சூடேறும். நேர்முனைக்குச் சிவப்பு, எதிர்முனைக்குக் கறுப்பு என்ற ஒழுங்கைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். முனை மாறினால் பட்டை எரியாது. எல்லா இணைப்புகளையும் மேசைமீதே முடித்து, ஒரு மணி நேரம் எரியவிட்டு, இணைப்புகளையும் அடாப்டரையும் தொட்டுப் பார்த்த பிறகே பேழைக்குள் பொருத்துங்கள்.

முகப்பு

அளவுப்படி வரும் 57.2 × 86.6 செ.மீ. முகப்பு, 4 மி.மீ. கண்ணாடியில் ஏறத்தாழ 5 கிலோ எடை இருக்கும், 3 மி.மீ. அக்ரிலிக்கில் ஏறத்தாழ 1.8 கிலோதான். அக்ரிலிக் ஒளியை 92 விழுக்காடு ஊடுருவ விடுகிறது, ஆகவே தெளிவில் அது கண்ணாடிக்குக் குறைந்ததன்று. அதன் குறை எளிதில் கீறல் விழுவதுதான். குழந்தைகள் உள்ள வீட்டில் நான் அக்ரிலிக்கையே தேர்வேன். சாதாரணக் கண்ணாடி போடுவதானால் விளிம்புகளைக் கடையிலேயே மழுங்கத் தேய்த்து வாங்க வேண்டும்.

கீல், கைப்பிடி, பூட்டு எதுவும் இல்லாத முகப்பு இது. பேழையின் உட்புறம், முன்விளிம்பை ஒட்டி, அடிப்பலகைமேல் 6 மி.மீ. ஆழமுள்ள அலுமினியப் பள்ளச் சட்டத்தையும், மேற்பலகையின் அடியில் 15 மி.மீ. ஆழமுள்ள பள்ளச் சட்டத்தையும் திருகிவிடுங்கள். தகட்டின் மேல்விளிம்பை முதலில் மேற்பள்ளத்துக்குள் முழுவதும் ஏற்றி, கீழ்விளிம்பை உள்ளே தள்ளி, அடிப்பள்ளத்தில் இறக்கினால் அது நின்றுகொள்ளும். இறங்கிய பின்னும் மேலே 5 மி.மீ.க்குக் குறையாமல் பள்ளத்துக்குள் இருக்கும் என்பதால் விழாது. எடுக்க வேண்டுமானால் மேலே தூக்கி வெளியே இழுத்தால் போதும். உயரம் 86.6 செ.மீ. என்பது இந்தக் கணக்கில் வந்தது. உங்கள் சட்டத்தின் ஆழம் வேறானால், தகட்டை வெட்டும் முன் ஓர் அட்டைத் துண்டில் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கங்களில் 2 மி.மீ. வீதம் விட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெப்பம் 20 பாகை கூடினால் 60 செ.மீ. அக்ரிலிக் ஏறத்தாழ 0.8 மி.மீ. நீளும், இறுக்கமாகப் பொருத்தினால் கோடையில் புடைத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் தூசு நுழையாமல் இருக்க, ஜன்னல்களுக்குப் போடும் மெல்லிய தூரிகைப் பட்டையை ஒட்டிவிடலாம்.

தகட்டின் உட்புறம் இரு பக்க ஓரங்களிலும் 2 செ.மீ. அகலத்துக்கு ஒளி புகாத ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள். செங்குத்து விளக்குகள் பார்ப்பவர் கண்ணில் நேரடியாகப் படாமல் அது மறைக்கும். மேலே உள்ள விளக்கை 15 மி.மீ. பள்ளச் சட்டமே மறைத்துவிடுகிறது. விளக்குத் தெரியாமல் வெளிச்சம் மட்டும் தெரியும்போதுதான் பேழை முழுமை பெற்றதாகத் தோன்றும்.

உள்நிறமும் படிகளும்

வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பி நிழல்களை மென்மையாக்கும். கறுப்புச் சுவர் உருவத்தைப் பிரித்துக் காட்டும், ஆனால் இருண்ட உடை அணிந்த உருவங்கள் அதில் கரைந்துவிடும். பக்கங்களை வெள்ளையாகவும் பின்சுவரை நடுத்தரச் சாம்பலாகவும் பூசுவது இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வழி. பூச்சு பளபளப்பில்லாததாக இருக்க வேண்டும். படிமேடைகளை மிஞ்சிய பிளைவுட் துண்டுகளிலேயே செய்துகொள்ளலாம், 4 செ.மீ., 8 செ.மீ. என இரண்டு உயரங்கள், 7 செ.மீ. ஆழம் போதும். முன்வரிசையின் தோள்களுக்கு இடையில் பின்வரிசையின் முகங்கள் வரும்படி நிறுத்துங்கள்.

காற்று, வெப்பம், காலம்

பேழையைப் பற்றிப் பேசுபவர்கள் தூசைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தூசை ஒரு தூரிகையால் நீக்கிவிடலாம். மூடிய பெட்டிக்குள் தேங்கும் ஆவிகள் செய்யும் சேதத்தை அவ்வளவு எளிதில் நீக்க முடியாது.

சேகரிப்பு உருவங்களில் பெரும்பகுதி பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். காற்றோட்டமில்லாத இடத்தில் நீண்ட நாள் வைத்த பொம்மை பிசுபிசுப்பாகி, தூசியைப் பற்றிக்கொள்வது இதனால்தான். வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்புக் கலந்து கழுவி, நன்கு உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் அது திரும்பாமல் இருக்கக் காற்று நடமாட்டம் வேண்டும். பின்பலகையின் அடியில் இரண்டும் உச்சியில் இரண்டுமாக 2 செ.மீ. துளைகள் இட்டு, உட்புறம் மெல்லிய வடிகட்டித் துணி ஒட்டுங்கள். நடுத்தட்டுகளுக்கு முன்னால் நாம் விட்ட இடைவெளி வழியாக, விளக்கின் இளஞ்சூட்டில் காற்று மேலேறி வெளியேறும். கீழே புதுக் காற்று நுழையும்.

வெப்பம் வேறொரு தொல்லையையும் தருகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் உருவங்கள் சூட்டில் இளகி, மாதங்கள் செல்லச் செல்லச் சாயத் தொடங்கும். பேழையை முடித்ததும் உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, மூன்று மணி நேரம் விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். அறையைவிட மூன்று நான்கு பாகைக்கு மேல் உயர்ந்தால் டிம்மரைக் குறையுங்கள். நடைமுறையில் பாதி ஒளியே கண்ணுக்கு இதமாக இருக்கும். சாயும் உருவங்களுக்கு இடுப்பைத் தாங்கும் ஒளிபுகும் தாங்கி வைத்துவிடுவது வருமுன் காப்பதாகும்.

மென்மையான பி.வி.சி. பாகங்களை அக்ரிலிக்கின் மீதோ தெர்மாகோலின் மீதோ நேரடியாக நீண்ட நாள் வைக்கக் கூடாது. கசியும் பொருள் அவற்றை இளக்கி ஒட்டிக்கொள்ளும். பொம்மைக் கார்களின் டயர்கள் படிமேடையில் தடம் பதிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அடியில் மெல்லிய கண்ணாடித் துண்டோ பாலியெஸ்டர் படலமோ வைத்தால் இது நேராது.

ஈயத்தில் வார்த்த பழைய போர்வீரர் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் இந்தப் பேழையை அப்படியே செய்ய வேண்டாம். பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் அசெட்டிக் அமிலம் போன்ற கரிம அமில ஆவிகளை வெளிவிடுகின்றன. மூடிய இடத்தில் அவை ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். அருங்காட்சியகங்கள் இதை நன்கு அறிந்தவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்ட சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பேழைக்குப் பயன்படுத்தவிருக்கும் பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடும் சிறிது நீரோடும் மூடிய குடுவையில் 60 பாகை செல்சியசில் 28 நாள் வைத்து, உலோகங்கள் அரிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பதே அது. ஈய உருவங்களுக்கு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட பேழையே உரியது. அங்கும் இணைப்புகளுக்குப் புளித்த காடி வாடை வீசும் சிலிகானைத் தவிருங்கள். அந்த வாடை அசெட்டிக் அமிலத்தினுடையது. நடுநிலை வகைச் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் பொம்மைகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உட்புறம் பூசிய வண்ணம் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அதன் ஆவி நெடுநாள் வந்துகொண்டிருக்கும். முகப்பைப் போடாமல் குறைந்தது இரண்டு வாரம் திறந்து வைத்து, மூக்கை உள்ளே நீட்டினால் வாடையே இல்லை என்றான பிறகு பொம்மைகளைக் குடியேற்றுங்கள்.

ஒளியாலும் சேதம் உண்டு. வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் புறஊதாக் கதிரை ஏறக்குறைய வெளிவிடுவதே இல்லை. ஜன்னல் வழியாக வரும் வெயில்தான் பெரிய எதிரி. சாதாரண ஜன்னல் கண்ணாடி புறஊதாவின் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சில சாயங்களை வெளிறச் செய்யும். ஒளியின் அளவையும் அது விழுந்த நேரத்தையும் பெருக்கிவருவதே மொத்தச் சேதம். அருங்காட்சியகங்கள் துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) என்ற மங்கலான ஒளியில் வைப்பது இதற்காகத்தான். துணி உடை அணிந்த 1:6 உருவங்கள் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அடாப்டரோடு ஒரு நேரக்கருவியைச் சேர்த்து, மாலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் எரியும்படி வைத்துவிட்டால் மறந்துபோய் இரவெல்லாம் எரிவது நேராது.

நிறுத்தும் இடம்

பேழையின் எடை, பொம்மைகள் இல்லாமல், ஏறத்தாழ 11 கிலோ வரும். உறுதியான மேசைமீது வைப்பது எளிது. அப்போதும் உச்சியில் ஓர் உலோகக் கோணத்தால் சுவரோடு பிணைத்துவிடுங்கள், ஏனெனில் 25 செ.மீ. ஆழத்துக்கு 90 செ.மீ. உயரம் என்பது முன்னால் சாயக்கூடிய வடிவம். சுவரில் மாட்டுவதானால் ஒரு பட்டையை நீளவாக்கில் 45 பாகை சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியைப் பேழையின் பின்னாலும் திருகி, ஒன்றின்மேல் ஒன்று கவ்வும்படி தொங்கவிடுவதே நம்பகமான முறை. பேழையில் திருகும் பாதி மெல்லிய பின்பலகையை மட்டும் பிடித்திருக்கக் கூடாது. திருகுகள் மேற்பலகையின் விளிம்புக்குள் இறங்க வேண்டும்.

முகப்பை வெறும் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள்; அதன்மேல் உள்ள தூசே உப்புத்தாள்போல் கீறிவிடும். சோப்பு கலந்த நீரில் நனைத்த மென்மையான பருத்தித் துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவங்களில் உள்ள அமோனியாவும் ஆல்கஹாலும் அக்ரிலிக்கில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். அதன் பாதுகாப்புத் தாளை, விளக்கும் பொம்மைகளும் அவற்றின் இடத்தில் நிற்கும் கடைசி நாள்வரை உரிக்க வேண்டாம்.